ஊட்டி இ-பாஸ் முதல் காசிமேடு ரீல்ஸ் வரை: பொறுப்பான பயணம் என்றால் என்ன?

கோடை லீவு நெருங்கினாலே தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: ஊட்டிக்கு இ-பாஸ் போட்டாச்சா, கிடைக்குமா, எதற்குத்தான் இந்தப் பாஸ்? நம்ம மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊருக்குப் போக அனுமதிச் சீட்டா என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. இன்னொரு பக்கம் ‘ரெஸ்பான்சிபிள் டூரிசம்’, ‘ஈகோ ஸ்டே’, ‘சஸ்டெய்னபிள் டிராவல்’ என்று விளம்பரங்கள் கொட்டுகின்றன. இவையெல்லாம் ஒன்றா, வேறுவேறா, ஸ்டீல் பாட்டில் எடுத்துப்போனால் கடமை முடிந்ததா என்பதில் ஏகப்பட்ட குழப்பம் இருக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நாம் ஊர் சுற்றப் போகிறவர்களும்தான், மற்றவர்கள் வந்து வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்களும்தான். கேமராவின் இரண்டு பக்கமும் நின்று பழகியவர்கள். அதனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை.

முதலில் சொற்கள்

மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. சூழல் சுற்றுலா: காடு, ஏரி, பறவை போன்ற இயற்கை இடங்களுக்குப் போவது. எங்கே போகிறோம் என்பதைச் சொல்லும் சொல் இது. காட்டுக்குள் ரிசார்ட் கட்டி யானை போகும் வழியை அடைத்தவர்களும் தங்கள் பலகையில் ‘ஈகோ’ என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். நீலகிரியின் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் தொடர்பான வழக்கில், அந்த வழித்தடத்தை அறிவித்தது சரிதான் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

2. நிலையான சுற்றுலா: இன்றைக்கு நாம் போய் வருவதால் நாளைக்கு அந்த ஊர் கெட்டுப்போகாமல் இருப்பது. இது ஒரு குறிக்கோள். யார், எப்படி அதைச் செய்யவேண்டும் என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை.

3. பொறுப்பான சுற்றுலா: அந்த ‘யார்’ என்ற கேள்விக்குப் பதில். பயணி, விடுதி, வண்டி ஓட்டுபவர், ஊராட்சி, அரசு என்று ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பங்கைக் கட்டுவது. 2002-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் வெளியான பிரகடனம்தான் இதற்கு அடிப்படை. அதில் கவனிக்கவேண்டியது வரிசை. முதலில் அங்கே வாழ்பவர்களுக்கு நல்ல இடமாக இருக்கவேண்டும், அதற்கு அப்புறம்தான் வந்து போகிறவர்களுக்கு. நம் சுற்றுலா விளம்பரங்களில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

கேரளம் இதை ஓரளவு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2008-இல் குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் ஆகிய நான்கு இடங்களில் தொடங்கினார்கள். குமரகத்தில் விடுதிகள் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளை உள்ளூர்க் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடம் வாங்க ஏற்பாடு செய்தார்கள். கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு வரை அதே ஊரில் நட்சத்திர விடுதி இருக்கும், பக்கத்து வீட்டு வெண்டைக்காய் அதற்குள் நுழையாது என்பதுதான் நிலைமை. 2017-இல் இதற்கென்றே தனி மிஷன் அமைத்தார்கள்.

பணம் எங்கே இறங்குகிறது?

சுற்றுலாப் பொருளாதாரத்தில் ‘கசிவு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு ஊருக்குப் போவதற்காக நாம் செலவழிக்கும் பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் தங்காமல் வெளியே ஓடிவிடுகிறது என்ற கணக்கு அது. சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்.

தண்டையார்பேட்டையிலிருந்து பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பழவேற்காடு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 8,000 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வேனுக்கு 4,500. கிளம்பும்போதே இங்கே பார்சல் கட்டிய பிரியாணிக்கு 2,000. தண்ணீர் கேஸ், சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் என்று ஒரு 700. ஆகமொத்தம் 7,200 ரூபாய் வடசென்னையைத் தாண்டவே இல்லை. பழவேற்காட்டில் இறங்கியது 800 ரூபாயும், பத்து பிரியாணி டப்பாவும், காலி பாட்டில்களும்தான். அந்த ஊருக்கு அன்று சுற்றுலா வந்ததா, குப்பை வந்ததா?

இதையே வேறு மாதிரியும் போகலாம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் பகுதி முழுக்க நின்று நின்றுதான் போகிறது. பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ். வேனுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி கையிலேயே இருக்கும். மத்தியானச் சாப்பாடு அங்கேயே, ஏரி இறாலும் நண்டும் போட்ட குழம்போடு. திரும்பும்போது கொஞ்சம் கருவாடு, அங்கத்திய பெண்கள் முடையும் பனை ஓலைப் பெட்டி ஒன்றிரண்டு. செலவு குறைந்தும், அந்த ஊரில் தங்கும் பணம் கூடியும் இருக்கும். இதில் ஒரு கண்டிஷன் உண்டு: ஓலைப் பெட்டிக்குப் பேரம் பேசாமல் இருக்கவேண்டும். மாலில் 300 ரூபாய் பாப்கார்னுக்கு வாய் திறக்காதவர்கள் ஒரு நாள் முழுக்க முடைந்த பெட்டிக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது.

பழவேற்காட்டில் பார்க்கவும் விஷயம் இருக்கிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில், நம் பக்கம் கொஞ்சம்தான். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வியாபாரத்துக்கு அதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இன்னும் நிற்கிறது. நம் சென்னையின் கோட்டை கொத்தளப் பெருமையெல்லாம் 1639-க்கு அப்புறம் வந்ததுதானே. அதற்கு முன்பே அங்கே துறைமுக வாழ்க்கை களைகட்டியிருந்தது. காலையில் போய், போட்டில் ஒரு சுற்று சுற்றி, செல்ஃபி எடுத்து, மூன்று மணிக்குக் கிளம்பினால் இதில் எதுவுமே கண்ணில் படாது.

போட் என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள், உயிர்காப்பு உடை இல்லை. மீன்பிடிப் படகு, வலையையும் நாலைந்து ஆட்களையும் சுமக்கச் செய்தது. அதில் குடும்பத்தோடு ஏறி நின்றுகொண்டு போட்டோ எடுத்தால் எடை ஒரே பக்கம் சாயும். ‘அண்ணே, சும்மா ஒரு ரவுண்டு’ என்று கெஞ்சி, காசைக் கூட்டிக் கொடுத்து, அனுமதியில்லாமல் படகை எடுக்கவைப்பதற்கு உள்ளூர்க்காரர்களுக்கு உதவுவது என்று பெயர் கிடையாது. விபத்து நடந்தால் நம் உயிர் போகும், அவருக்குப் படகும் போகும், வழக்கும் வரும்.

பூநாரைகள் விஷயமும் இதே ரகம்தான். குளிர்கால மாதங்களில் அவை அங்கே ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாக அலகை விட்டு, சேற்றுநீரை வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும். பறக்கும் படம் வேண்டும் என்று படகைக் கிட்டே விட்டுக் கிளப்பினால் அதன் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது, பறப்பதற்கான சக்தியும் வீண். ஒரு படகு செய்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை படகு?

ஓர் ஊர் எவ்வளவு பேரைத் தாங்கும்?

இனி இ-பாஸ். இதன் பின்னால் இருப்பது ‘தாங்குதிறன்’ என்ற கருத்து. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தனை வண்டி இருந்தால் தண்ணீர், சாலை, குப்பை அகற்றல், ஆம்புலன்ஸ் எல்லாம் நிலைகுலையாமல் ஓடும் என்ற எல்லை. ஊட்டிக்குக் குடிநீர் பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து போகிறது. ஊர்க்காரர்களுக்கே கோடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, லாட்ஜ்களுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

நடந்தது சுருக்கமாக:

1. சீசனில் ஒரு நாளைக்கு 20,000 வண்டிகளுக்கு மேல் நீலகிரி மலை ஏறுவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்கு சொல்லப்பட்டது. அதையடுத்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அப்போது எண்ணிக்கை வரம்பு இல்லை. விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்தது. யார், எத்தனை பேர், எத்தனை நாள் என்று விவரம் சேர்ப்பதுதான் நோக்கம்.

2. மலைகளின் தாங்குதிறனை ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூர் ஐஐஎம்முக்கும் கொடுக்கப்பட்டது.

3. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

4. உள்ளூர்ப் பதிவெண் வண்டிகளுக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை. அரசுப் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்குப் பாஸே தேவையில்லை.

நாலாவது பாயின்ட்தான் முக்கியம், அதைத்தான் யாரும் படிப்பதில்லை. எண்ணப்படுவது வண்டிகள்தான், மனிதர்கள் அல்ல. சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி அரசுப் பஸ் பிடிப்பவரை யாரும் தடுக்கவில்லை. ‘ஊட்டியை மூடிவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது வெறும் புரளி.

எதிர்ப்பும் இருந்தது. ஊட்டி வியாபாரிகள் கடையடைப்பு வரை போனார்கள். அவர்கள் கவலையும் பொய்யில்லை. வருஷத்தில் இரண்டு மூன்று மாத சீசனை நம்பி வாடகையும் வட்டியும் கட்டுகிறவர்கள் அவர்கள். வரம்பு என்று வந்துவிட்டால் யார் வெளியே நிற்பது என்ற சண்டையும் கூடவே வந்துவிடும், அதைத் தவிர்க்க முடியாது.

இது ஏதோ புதிதாக இறக்குமதி செய்த சட்டம் என்றும் நினைக்கவேண்டாம். அதே பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இறங்கினால் ஏரியும் தாங்காது, சண்டையும் தீராது என்று தெரிந்து செய்த ஏற்பாடு. இந்தப் ‘பாடு’ முறையில் இடம் கிடைக்காத மீனவர்களும் இருக்கிறார்கள், அது தனி வழக்கு. எந்த வரம்பிலும் வரும் சிக்கல்தான் அது.

வேறு நாடுகளில் இதையே விலை வைத்துச் செய்கிறார்கள். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலிலிருந்து, கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. பூட்டான் வெளிநாட்டவரிடம் ஓர் இரவுக்கு 100 டாலரும், இந்தியர்களிடம் 1,200 ரூபாயும் வாங்குகிறது. விலை வைத்தால் பணக்காரர்கள் மட்டும் வருவார்கள், எண்ணிக்கை வைத்தால் முந்திக்கொண்டவர்கள் மட்டும் வருவார்கள். பஸ்ஸுக்கு விலக்கு கொடுத்த நம் ஏற்பாடு இந்த இரண்டையும்விடக் கொஞ்சம் நியாயமானது என்பதே என் எண்ணம். மலையில் பஸ் எண்ணிக்கையைக் கூட்டினால் இன்னும் நியாயமாகும்.

குப்பை ‘போய்விடுவதில்லை’

குப்பை எங்கே போகிறது என்று கொடுங்கையூர்க்காரர்களிடம் யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. நகரத்தின் பாதிக் குப்பை பல பத்தாண்டுகளாக வந்து விழுவது அங்கேதான். தென்பாதி பெருங்குடிக்கு, வடபாதி நமக்கு. இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது, எரியுலைத் திட்டத்துக்கு எதிர்ப்பும் நடக்கிறது. ஊட்டியில் நாம் போட்ட கப்பும் கவரும் தீட்டுக்கல் கிடங்குக்குப் போகின்றன. அங்கேயும் ஒரு கொடுங்கையூர் இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. நீலகிரியில் அதற்கு ரொம்ப முன்பே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. இப்போது 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டிலையும் மேலே கொண்டுபோகக் கூடாது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் தடைகளைவிட நன்றாக வேலை செய்த ஒன்று உண்டு: டாஸ்மாக் பாட்டில் திட்டம். 2022-இல் நீலகிரியில் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தருவார்கள். காட்டில் உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்பதற்காக நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது. குடித்தவர் திருப்பித் தராவிட்டால் இன்னொருவர் பொறுக்கிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார். யாருடைய மனசாட்சியையும் நம்பி நடக்காத திட்டம் என்பதால்தான் நடக்கிறது. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகக் கொண்டுபோனார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகப் பேசவேண்டும். பொறுப்பான பயணம் பற்றி எழுதுகிறவர்கள் மலை, காடு, கடற்கரை என்றே எழுதுகிறார்கள். நம் மக்களின் பெரும்பாலான பயணம் கோயிலுக்குத்தான். ஆடி மாசம் வந்தால் பாதி வடசென்னை பெரியபாளையத்தில்தான் இருக்கும். வேப்பஞ்சேலை கட்டி, ஆரணியாற்றங்கரைப் பக்கம் அடுப்பு மூட்டி, கோழி அடித்துப் பொங்கி, உறவெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டு வருவது ஒரு பெரிய சந்தோஷம். செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, அப்புறம் வேளாங்கண்ணி, மேல்மருவத்தூர், சபரிமலை. இந்தப் பயணங்களை ‘சுற்றுலா’ என்று யாரும் நினைப்பதே இல்லை, அதனால் சுற்றுலாவுக்குச் சொல்லும் எந்த விதியும் நமக்கில்லை என்று ஒரு நினைப்பு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் சாப்பிட்ட தட்டும் தண்ணீர் டம்ளரும் எத்தனை மூட்டை சேர்கின்றன என்று மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும். அன்னதானம் போடுவது புண்ணியம் என்றால் தட்டை எடுத்துப்போக ஆள் வைப்பதும் அதே கணக்கில்தான் சேரவேண்டும். வாழையிலையோ மந்தாரை இலையோ போட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

காசிமேட்டில் கேமராவும் மீன்பாடி வண்டியும்

பணமும் குப்பையும் எண்ணக்கூடியவை. மூன்றாவது விஷயமான சம்மதத்தை எண்ண முடியாது, அதனால்தான் அதில் அதிகம் தப்பு நடக்கிறது.

ஞாயிறு விடியற்காலை காசிமேடு. விசைப்படகுகள் வந்து கட்டியதும் கூடை கூடையாக மீன் இறங்கும். வஞ்சிரம் ஒரு பக்கம், சங்கரா, கடம்பா, இறால் ஒரு பக்கம். ஏலம் மின்னல் வேகத்தில் நடக்கும். ஐஸ் உருக உருக விலை இறங்கும் என்பதால் அங்கே ஒவ்வொரு நிமிஷமும் காசு. ஏலம் எடுக்கும் பெண்களுக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் கடன் வாங்கிய முதல். ஒரு கூடையைத் தவறவிட்டால் அன்றைய வியாபாரமே போச்சு. அந்த நெருக்கடியில், ‘ஓரம் ஓரம்’ என்று கத்திக்கொண்டு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வரும் பாதையின் நடுவில் ஸ்டிக்கில் போனை மாட்டிக்கொண்டு ஒருவர், ‘காய்ஸ், இப்ப நாம எங்க இருக்கோம்னா’ என்று ஆரம்பிப்பார். கொஞ்ச தூரத்தில் மீன் வெட்டித் தரும் அம்மா தலையைத் தூக்காமல் சங்கராவைச் செதில் சீவிக்கொண்டிருப்பார். அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இன்னொரு கேமரா, கேட்காமல். கேமரா வைத்திருப்பவரின் இன்னொரு கை மூக்கைப் பொத்தியிருக்கும்.

அந்த வீடியோவுக்கு வைக்கும் தலைப்புகளைச் சொல்லவே வேண்டாம். வடசென்னைக்குள் ‘துணிச்சலாக’ நுழைந்த கதை, ரவுடிகள் ஏரியாவில் ஒரு நாள். கேரம்போர்டில் உலக சாம்பியன்களை உருவாக்கிய தெருக்கள் இவை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவர் விளையாடிக் கற்ற தெருவில் வந்து அரிவாளைத் தேடுகிறார்கள்.

ஏழைகள் வாழும் இடத்தைச் சுற்றிக்காட்டுவது உலகம் முழுக்க ஒரு தொழிலாகவே இருக்கிறது. தாராவியில் சுற்றிக்காட்டும் குழுக்களில் சில, போட்டோ எடுக்கவே கூடாது என்ற விதியோடுதான் உள்ளே கூட்டிப்போகின்றன. போவது தப்பா, போகாமல் இருப்பது தப்பா என்று பல வருஷமாக வாதம் நடக்கிறது. போவதில் தப்பில்லை, வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம், பாருங்கள். திருவொற்றியூரில் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் பார்த்துவிட்டு, கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி வரை நடங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸைத் தட்டில் வாங்கி, வாழைத்தண்டு சூப்போடு சாப்பிடுங்கள். 2021-இலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவே வருகிறது. இடத்தைப் பார்ப்பதற்கும் ஆளைக் காட்சிப்பொருள் ஆக்குவதற்கும் நடுவில் இருக்கும் கோடு, கேட்பதுதான். ‘அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?’ வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடவேண்டும். அவரிடமே அரைக் கிலோ மீன் வாங்கி, வெட்டக் கொடுத்துவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ‘எடுத்துக்கோ’ என்பார்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். நம் பசங்க ஊட்டிக்கோ குன்னூருக்கோ போனால், தேயிலை பறிக்கும் பெண்களை என்ன செய்கிறார்கள்? கூடையை வாங்கி முதுகில் மாட்டி ரீல்ஸ் எடுக்கிறார்கள். பறித்த எடைக்குக் கூலி வாங்கும் அவருக்கு அந்தப் பத்து நிமிஷம் யார் தருவது?

பெட்ரோல் கணக்கும் மணலியும்

உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால் வருவது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதில் போக்குவரத்தின் பங்கு பெரிது.

நம் அளவில் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சென்னையிலிருந்து ஊட்டி போய் வர ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் 73 லிட்டர், அதாவது 170 கிலோ வரை புகை. ஐந்து பேர் போனால் தலைக்கு 34 கிலோ, இரண்டு பேர் போனால் 85. ஆக, காரா ரயிலா என்பதற்கு முன்பே, காரில் எத்தனை பேர் என்பதிலேயே பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது. ரயிலோ எல்லாவற்றையும்விட வெகு குறைவு.

இந்தக் கணக்கு வடசென்னைக்கு வெறும் எண் இல்லை. அந்தப் பெட்ரோலில் நல்ல பங்கு சுத்திகரிக்கப்படுவது மணலியில். விடுதி அறையில் ஏசி ஓட வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையங்களிலிருந்து வருகிறது, சாம்பல் கொசஸ்தலையாற்றுப் படுகையில் தங்கிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவி, படகையும் வலையையும் கூழைக்கடா சிறகையும் கறுப்பாக்கியதை ஊரே பார்த்தது. ஒருவர் மலையில் நல்ல காற்று வாங்கப் போகும் செலவில் கொஞ்சம் இங்கே இருப்பவர் மூச்சில் விழுகிறது. கார்பன் ஈடு என்று விமான டிக்கெட்டோடு நூறு இருநூறு ரூபாய் சேர்த்து வாங்குகிறார்களே, அது எங்கோ மரம் நடப் போகலாம். எண்ணூருக்கு அதில் ஒரு பைசா வராது.

டூர் நடத்துபவரிடம் என்ன கேட்பது?

வடசென்னையில் பெரும்பாலான குடும்பங்கள் ஆப்பில் தேடி டூர் போவதில்லை. தெருவுக்கு ஒருவர் இருப்பார். மாசா மாசம் டூர் சீட்டு பிடித்து, வருஷக் கடைசியில் பஸ் பேசி, சமையல்காரரையும் பாத்திரத்தையும் ஏற்றி ஐம்பது பேரைக் கூட்டிப்போவார். எங்கே நிற்பது, எங்கே தின்பது, எதை வாங்குவது எல்லாம் அவர் முடிவு. அவர் ஒருவர் மாறினால் ஐம்பது பேர் மாறினது மாதிரி. சீட்டுக் கட்டும்போதே அவரிடம் கேட்கவேண்டியவை:

1. எத்தனை இடம்? மூன்று நாளில் ஒன்பது கோயில், இரண்டு அருவி, ஒரு அணை என்றால் பயணத்தில் பாதி பஸ்ஸுக்குள் தூங்கியே போகும். இரண்டைக் குறைத்துவிட்டு, ஒரு சாயங்காலத்தை ஓர் ஊரில் சும்மா இருக்க விடுங்கள் என்று சொல்லலாம். எல்லோரும் முதலில் முறைப்பார்கள்.

2. மளிகை எங்கே வாங்குகிறீர்கள்? அரிசி, பருப்பை இங்கிருந்து கொண்டுபோகலாம், தப்பில்லை. காய், பால், மீன், பழம் போகிற ஊரில் வாங்கலாமே. ஒரு வேளையாவது அங்கத்திய மெஸ்ஸில் சொல்லிவைத்துச் சாப்பிடலாம்.

3. தண்ணீர்க் கேனும் தட்டும் எப்படி? இருபது லிட்டர் கேன், ஆளுக்கொரு சொந்தத் தட்டு, டம்ளர். கல்யாண வீட்டுப் பந்திக்கே எவர்சில்வர் தட்டு கழுவிய ஆட்கள் நாம், இது பெரிய வேலையில்லை. குப்பை மூட்டையை நடுவழியில் இறக்காமல், நகராட்சித் தொட்டி இருக்கும் இடம் வரை பஸ்ஸிலேயே வைத்திருக்கவேண்டும்.

4. பாஸ் வாங்கியாச்சா? ஊட்டி, கொடைக்கானல் என்றால் வாடகைப் பஸ்ஸுக்கும் இ-பாஸ் வேண்டும். சோதனைச் சாவடியில் போய் ‘கொஞ்சம் பாத்து விடுங்க சார்’ என்று நிற்கக்கூடாது.

5. டிரைவர் எங்கே தூங்குவார்? இதை யாரும் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தவரை, ஐம்பது பேர் லாட்ஜில் குளித்துச் சாப்பிட்டு ஊர் சுற்றும் நேரத்தில், பஸ் சீட்டில் கொசுவோடு படுக்கவைத்துவிட்டு, அன்று ராத்திரியே மறுபடி கொண்டை ஊசி வளைவில் இறங்கச் சொல்கிறோம். அவருக்கு ஒரு கட்டில், ஒரு குளியலறை, ஆறு மணி நேரத் தூக்கம். அதற்கு ஆகும் காசை ஐம்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு டீ செலவு. சீட்டுப் பணத்தோடு அதையும் சேர்த்து இப்போதே வாங்கிவிடச் சொல்லுங்கள்.